முன்பக்கம் தூக்கிய வண்டி

விழுந்தது வண்டி என்று இருதயமேரிக்கு முதலில் தோன்றவில்லை. வெளிச்சம்தான் விழுந்தது. சற்று முன்புவரை, சக்கரம் கழற்றிய இடைவெளி வழியாக முற்றத்து எலுமிச்சை மரமும், அதற்குப் பின்னால் வேலியும், வேலிமேல் காயப்போட்டிருந்த ஈரச் சாக்குகளும் தெரிந்துகொண்டிருந்தன. இப்போது மரம் இல்லை, வேலி இல்லை, கதவடியில் தெரிவதுபோலத் தரையை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கிடந்தது. யார் கதவைச் சாத்தினார்கள் என்று நினைத்தாள். சாகப்போகிறோம் என்றோ செத்துவிட்டோம் என்றோ நினைக்கவில்லை, கதவைச் சாத்தினார்களே, அடுப்பில் பருப்பு வேகிறதே, யார் போய் இறக்குவது என்றுதான் நினைத்தாள். சத்தம் அதற்குப் பிறகு காதில் ஏறியது. முதலில் ஒரு சின்ன முனகல், ஈர மண்ணில் கடப்பாரை இறங்குகிறமாதிரி, பிறகு இரும்பும் இரும்பும் உரசி வழுக்கிய ஒரு கிறீச்சு, பிறகு எல்லாம் சேர்ந்து முதுகுக்குக் கீழே தரையே ஒருமுறை துள்ளி அடங்கியது. வாயில் மண். கண்ணில் துரு. மூக்குக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் கறுப்பாக ஏதோ நின்றது, அதிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் பிதுங்கித் தொங்கி, விழலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்பேனர் இன்னும் கையில் இருந்தது. கையை விடச் சொன்னாள், கை விடவில்லை. கால் இருக்கிறதா என்று கட்டைவிரலை அசைத்துப் பார்த்தாள். இருந்தது. வண்டிக்கு வெளியே, வெயிலில், வேறு யாருடைய காலோபோல அசைந்தது. சொட்டு அவள் உதட்டின்மேல் விழுந்தது. கசந்தது. கசக்கிறது என்றால் உயிரோடுதான் இருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்த மறுநிமிடம் உடம்பெல்லாம் குளிர்ந்தது.

எல்லாம் சரியாகத்தானே செய்தோம். அதுதான் அவளுக்கு விளங்கவில்லை, அதையே பிடித்துக்கொண்டு மனசு சுற்றியது. தார்ரோட்டிலிருந்து தோட்டத்துக்குப் பிரியும் பாதையில் நடுவில் முதுகு தூக்கிக் கிடக்கும் பாறை ஒவ்வொரு நடைக்கும் வண்டியின் அடிவயிற்றில் இடித்தது, எண்ணெய்த்தொட்டி இரண்டு இடத்தில் நசுங்கிவிட்டது, இன்னொரு இடி வாங்கினால் உடைந்து, வாழைத்தாரோடு வழியிலேயே நிற்க வேண்டியதுதான். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் பாறையைத் தாண்டிவிடும் என்று திண்டுக்கல்லில் பட்டைக்கட்டு வேலை செய்கிறவர் சொன்னார். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள்தானே அச்சின்மேல் உட்கார்ந்து வண்டியைத் தாங்குகின்றன, பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் செருகினால் மூக்கு நிமிரும். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், செய்து வைக்கிறேன் என்றார். அவள் சரி என்றிருப்பாள். புருசன் சவரிமுத்துதான், பட்டைகளை வாங்கிக்கொண்டு வா, வீட்டிலேயே ஏற்றிவிடலாம், இருபது வருசம் இந்த மலையில் வண்டி ஓட்டியவனுக்கு இது தெரியாதா என்றான். வீட்டிலேயே. அவன்தான் சொன்னான். பட்டை ஏற்ற அவனுக்குத் தெரியும், உண்மை, ஆனால் பலாமரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து அவனுடைய வலது தோள் நெஞ்சு உயரத்துக்கு மேல் கையைத் தூக்க விடுவதில்லை, மல்லாந்து படுத்து மேலே பார்த்து நட்டு முறுக்குவது அவனால் ஆகாது. ஆகவே அவள் உள்ளே, அவன் வெளியே. அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். கைபிரேக் போட்டாள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்தாள். ஜாக்கியை நம்பி ஒருவனும் அடியில் போகக்கூடாது என்று அவன் எப்போதும் சொல்வதை இன்றைக்கும் சொன்னான், சொல்லிவிட்டு வண்டியின் இரும்புச் சட்டமான சேஸுக்கு அடியில் இரும்பு முக்காலியை நிறுத்தச் சொன்னான், நிறுத்திய பிறகு வண்டியைத் தோளால் முட்டி ஆட்டிப் பார்க்கச் சொன்னான். ஆட்டினாள். பாறைமாதிரி நின்றது. இடதுபக்கம் காலையிலேயே முடிந்து சக்கரமும் மாட்டியாகிவிட்டது. வலதுபக்கம் புதுப்பட்டையைச் செருகி, அச்சை ஜாக்கியால் மெதுவாக மேலே கொண்டுவந்து பட்டைக்கட்டோடு சேர்த்து, இரண்டையும் கவ்விப் பிடிக்கிற போல்ட்டுகளை மாட்டி, நட்டை முறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் நட்டு ஏறிவிட்டது. இரண்டாவது பாதி. எல்லாம் சரியாகத்தான் செய்தோம். செய்தும் வண்டி இறங்கிவிட்டது. மலைப்பாதையில் முன்பொருமுறை, எந்த ஊர் லாரியோ தெரியாது, ஓரங்கட்டி அடியில் படுத்து வேலை பார்த்தவன்மேல் இறங்கிவிட்டது என்று கூட்டம் நின்றது, இவள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை, ஒரு ரப்பர் செருப்பு மட்டும், கழன்று, குப்புறக் கவிழ்ந்து. அந்த ஆளும் எல்லாம் சரியாகத்தான் செய்திருப்பான். தன் செருப்பு எங்கே. காலில் இல்லை. எப்போது கழன்றது.

“மேரி.”

குரல் கொஞ்ச நேரமாகவே வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். இப்போதுதான் அது தன் பெயர் என்று அவளுக்குத் தெரிந்தது. சவரிமுத்து குனிந்திருக்கிறான் போல, வெள்ளைக் கோட்டில் ஒரு துண்டு இருண்டது. மேரி, பேசு, கை கால் அசையுதா என்று கேட்டான். அவன் குரல் அவன் குரல்மாதிரி இல்லை, ரொம்ப நிதானமாக இருந்தது. சாவு வீட்டில் சொந்தக்காரர்களுக்கு போன் போடுகிறவன் குரல்போல. பதில் சொல்ல வாயைத் திறந்தாள், மண்ணைத் துப்பினாள், சொல் வரவில்லை. வெளியே நகர்ந்துவிடலாம் என்று தோளை அசைத்தாள். தோள் வந்தது. தலை வரவில்லை. பின்மண்டையில் சுரீர் என்று இழுத்தது. யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள், பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சிலிருந்து இழுப்பார்களே அப்படி. கையை மெல்ல மேலே கொண்டுபோய்த் தடவினாள். அவளுடைய சடை காதுக்குப் பக்கத்திலிருந்து நீண்டு போய், சக்கரம் இல்லாமல் மொட்டையாக நின்ற இரும்புக் குடத்துக்கு அடியில் முடிந்தது. குடம் மண்ணில் பதிந்து சடையின்மேல் உட்கார்ந்திருந்தது. தலைக்கும் குடத்துக்கும் நடுவில் அவள் உள்ளங்கைதான் போகும். தலையை இன்னும் அந்தப் பக்கம் வைத்திருந்தால். ஸ்பேனருக்கு இடம் போதவில்லை என்று இரண்டாவது நட்டுக்காகக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்தாளே, நகராமல் இருந்திருந்தால். காலையில் சடையைக் கொண்டையாக முடிந்துகொள்ளத்தான் நினைத்தாள், ஊசி அகப்படவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டாள். சடை, என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை, என்னது என்றான். சடை மாட்டிக்கிச்சு என்று திரும்பச் சொன்னபோது அது அவளுக்கே அசட்டுத்தனமாகப் பட்டது. எலும்பு இல்லை, ரத்தம் இல்லை, மயிர் மாட்டிக்கொண்டது என்று ஒருத்தி சொல்கிறாள்.  அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, அசையாதே, மூச்சை மெதுவா விடு என்று சொல்லிவிட்டு எழுந்தான். கோட்டில் இருள் விலகியது. அவன் கால்கள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கமாகப் போயின. சரளைக்கல்லில் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு வாழைச்சருகில், பிறகு கேட்கவில்லை.

போய்விட்டான். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. வர்றேன் என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னானோ. அசையாதே என்று சொன்னான், மூச்சை விடு என்று சொன்னான், வருகிறேன் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. ஆள் கூப்பிடப் போகிறான் என்றால் முன்பக்கம் ரோட்டுக்கல்லவா போக வேண்டும், பின்பக்கம் யார் இருக்கிறார்கள், வாழையும் கிணறும். மேலே இரும்பு டிக் என்றது. சூடான எஞ்சின் ஆறும்போது அப்படித்தான் சொடுக்கும், அது ஒன்றுமில்லை, ஆனால் எஞ்சினைக் காலையிலிருந்து யாரும் ஓட்டவில்லையே, பின் எது ஆறுகிறது. டிக். எதுவோ இறங்கிக்கொண்டிருக்கிறது. வண்டி எதன்மேல் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. முக்காலி போய்விட்டது, ஜாக்கி போய்விட்டது, பிறகும் நான்கு விரல் விட்டு நிற்கிறதே, எது பிடித்துக்கொண்டிருக்கிறது, எவ்வளவு நேரம் பிடிக்கும். மாதாவே என்றாள். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை, அருள் நிறைந்த மரியே என்பதற்கு அடுத்த சொல் என்ன என்று மறந்துபோயிற்று, ஞாயிறு தவறாமல் சொன்னது, குழந்தையிலிருந்து சொன்னது, அடுத்த சொல் இல்லை. அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து நின்றது. இந்த வண்டி ஒருநாள் உன்னைத்தான் முழுங்கப் போகுது. நேற்றுச் சாயங்காலம் சாப்பிடும்போது சொன்னான். சாவியைக் கேட்டான், நாளைக்கழித்து லோடுக்கு நானே போறேன் என்றான். உங்க கை இன்னும் ஆகலை, கொண்டை ஊசி வளைவுல ஸ்டியரிங்கை ஒடிக்க முடியுமா என்று அவள் கேட்டாள். கேட்டதுகூடத் தப்பில்லை, கேட்டுவிட்டுச் சாவியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாளே, அதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சோற்றில் கைவைத்தபடி பார்த்தான். பிறகுதான் சொன்னான், இரைந்துகூட இல்லை, ரசம் ஊற்று என்பதுபோலச் சொன்னான். முழுங்கப் போகுது என்றான். ஊரில் இப்போதெல்லாம் அவர்கள் வீட்டுக்கு வழி கேட்டால் வண்டிக்காரி வீடா என்கிறார்கள். அதையும் அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

ச்சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே அதட்டினாள். அந்த மனுசன்தானே ஓட்டக் கற்றுக்கொடுத்தது. கட்டுப்போட்ட கையோடு கோயில் மைதானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவள் வேகம் எடுக்கும்போதெல்லாம் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஒரு வார்த்தை திட்டாமல், கிளட்ச், கிளட்ச் என்று மட்டும் சொல்லிக்கொண்டு. மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு முதன்முதலாக மலையேறி வந்த நாளில் வாசலில் நின்று வண்டியைச் சுற்றிப் பார்த்தான், கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறான் என்று நினைத்தாள், உனக்கு ஒண்ணும் இல்லையே என்றான். அவனா. இல்லை. நினைக்கவே கூடாது. ஆனால் நினைக்கக் கூடாது என்று தள்ளிய கையோடு இன்னொன்று உள்ளே வந்தது. இந்த இடம். வண்டியைக் காலையில் அவள் நிறுத்தியது இந்த இடத்தில் இல்லை, இன்னும் பின்னால், கல் பாவிய தளத்தில். வெயிலா இருக்கு, கொஞ்சம் முன்னால எடு, எலுமிச்சை நிழல் விழும் என்று அவன்தான் கை காட்டினான். எடுத்தாள். முன்சக்கரம் வந்து நின்ற இடம், ஐயோ, இந்த இடம். இங்கேதானே குழி இருந்தது. வாழைத்தார்களை அடுக்கிப் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைக்கும் குழி, ஆள் இறங்கி நிற்கலாம், அவ்வளவு ஆழம். வியாபாரிகள் காயாகவே வாங்கிக்கொள்ள ஆரம்பித்தபிறகு குழி எதற்கு என்று மூடிவிட்டார்கள். யார் மூடியது. அவன்தான். தோள் நன்றாக இருந்த காலத்தில் தனி ஆளாக, வாழைத்தண்டையும் சருகையும் உடைந்த ஓடுகளையும் உள்ளே தள்ளி மேலே மண்ணைப் போட்டு மிதித்தான். வாழைத்தண்டு மக்கினால் உள்ளே என்ன இருக்கும், தண்ணீரும் காற்றும்தான் இருக்கும். ஒரு வாரமாக மழை. முக்காலியின் ஒற்றைக் கால் அதன்மேல் நின்றது. அவனுக்குத் தெரியாதா. மூடியவனுக்கு, மிதித்தவனுக்கு. கொஞ்சம் முன்னால எடு. இன்னும் கொஞ்சம். போதும். சொன்னபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள், முகம் வரவில்லை, கைதான் வந்தது, இடது கை, வா வா என்று அசையும் கை. நிழலுக்காகத்தான் சொன்னான், அவள் முதுகு வெயிலில் காயக்கூடாது என்று சொன்னான். நிழல் விழுந்ததா. விழுந்தது. மரம் அங்கேதானே நின்றது. அப்படியானால் நிஜமாகவே நிழலுக்காக. அல்லது நிழலைக் காரணம் காட்டி. டிக் என்றது மேலே.

இடது கையை நகர்த்த முடிந்தது. அதை மெல்லத் தரையோடு தேய்த்துக்கொண்டு போய், வண்டி எதன்மேல் நிற்கிறது என்று தேடினாள். ரப்பர். சுற்றிலும் பள்ளமும் மேடுமாக, டயர். கழற்றி வைத்த வலது சக்கரம், படுக்கவைத்து சேஸுக்கு அடியில் தள்ளப்பட்டிருந்தது. அதற்கு மேலே ஒரு மரக்கட்டை, குறுக்கே வெடித்து, வெடித்த இடத்தில் நார்நாராகப் பிரிந்து, ஆனாலும் தாங்கிக்கொண்டிருந்தது. அவள் இதை வைக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி வேலிப்பக்கம் உருட்டிச் சாத்திவிட்டுத்தான் உள்ளே வந்தாள், நன்றாக ஞாபகம் இருந்தது. இடதுபக்கம் வேலை செய்தபோது அப்படிச் சக்கரம் எதுவும் வைக்கவில்லை. அங்கே தரை கெட்டி, முக்காலி போதும் என்று விட்டார்கள். இந்தப் பக்கம் மட்டும் வைத்திருக்கிறான். அவள் உள்ளே போனபிறகு, சொல்லாமல், ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டு வந்து படுக்கவைத்துக் காலால் தள்ளியிருக்கிறான். அவன்தான் காப்பாற்றியிருக்கிறான். அழுகை வந்துவிடும்போல இருந்தது, அதற்குள் ஏன் இந்தப் பக்கம் மட்டும் என்று ஒரு கேள்வி குறுக்கே கால் நீட்டியது. விழும் என்று தெரிந்தவன்தானே வைப்பான். விழாது என்று நினைப்பவன் எதற்கு வைக்கப்போகிறான். விழ வேண்டும், சாகக் கூடாது என்று நினைத்தானா. பயந்துபோய் சாவியைக் கொடுத்துவிடுவாள் என்று. அப்படி ஒரு மனுசன் உண்டா. பத்தொன்பது வருசம் ஒரே பாயில் படுத்தவனைப் பற்றி, அவன் வைத்த டயரைத் தொட்டுக்கொண்டே, அந்த டயர் தாங்கிய உயிரை வைத்துக்கொண்டே இப்படி நினைக்கத் தன்னால் முடிகிறதே என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. வண்டி விழுந்த திகைப்பு இதற்குமுன் ஒன்றுமே இல்லை. யாரோ தெரியாத பெண் ஒருத்தி அவள் மண்டைக்குள் உட்கார்ந்து, அமைதியாக, கூட்டிக் கழித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வாயை மூட இவளால் முடியவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்து, எதையோ இழுக்கிற சத்தம். கனமான ஒன்று தரையைக் கீறிக்கொண்டு கொஞ்ச தூரம் வரும், நிற்கும், ஒரு மூச்சு, மறுபடி கீறும். அது என்ன என்று அவளால் ஊகிக்க முடியவில்லை. கடப்பாரையா. கடப்பாரை இப்படி ஒலிக்காது. சரளைக்கல்லுக்கு வந்ததும் சத்தம் முரடானது. காற்று நின்றுவிட்டதுபோல மற்ற எல்லாம் அடங்கிப்போய் அது மட்டும் வந்துகொண்டிருந்தது. நம்பிக்கை தருகிற சத்தமாக அது இல்லை, கோபத்தோடு எதையோ வெட்டிப் புதைக்கப் போகிறவன் சத்தம்போல இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் மகளின் முகம் வந்தது. சாயங்காலம் போன் பண்ணுவாள், அம்மா எங்கே என்பாள். அவன் என்ன சொல்வான். சத்தம் தலைமாட்டுக்கு வந்துவிட்டது. வெள்ளைக் கோட்டை ஒரு கறுப்பு விளிம்பு அடைத்தது. பிறகு அவன் முழங்கால்கள் தெரிந்தன, மண் அப்பியிருந்தன. அவன் மூச்சு நாய் இரைப்பதுபோல இருந்தது.

“கல்லு இழுத்துட்டு வந்தேன்,” என்றான். “துவைக்கிற கல்லு. மண்ணுல ஜாக்கி நிக்காது. பயப்படாத.”

துவைகல். கிணற்றடியில் பதித்துக் கிடந்த கருங்கல். அதைப் போட்டபோது இரண்டு ஆள் பிடித்துத் தூக்கினார்கள். இவன் ஒற்றைக் கையோடு அதைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான், இல்லை, ஒற்றைக் கையால் முடியாது, அந்த வலது கையையும் கொடுத்துத்தான் இழுத்திருப்பான், அதனால்தான் நின்று நின்று வந்தது சத்தம். கல்லைத் திருப்பிப் பதித்தான். ஜாக்கியைக் கல்மேல் வைத்தான். அதை ஏற்றி இறக்குகிற கம்பி உள்ளே நுழைந்தது. ஏறும்போது ஆடும், நீ ஆடாதே, தலையைத் தூக்காதே, சடை விட்டதும் சொல், வெளியே வராதே, நான் முட்டுக் கொடுத்தபிறகு வா என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் ம் என்றாள். ஜாக்கி ஏற ஆரம்பித்தது. வண்டி முனகியது. அவள் மூக்கின்மேல் நின்ற கறுப்பு மெல்ல, மெல்ல விலகி உயர்ந்தது. அந்தக் கம்பியை அவன் இப்போது விட்டால். இல்லை, அந்தப் பெண் இன்னும் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கம்பியின் ஒவ்வொரு அமுக்கலுக்கும் அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, வலிக்கிறவன் பல்லைக் கடித்து விடுகிற சத்தம். பின்மண்டை சட்டென்று லேசானது. விட்டுருச்சு என்றாள். இரு என்றான். இடதுபக்கம் வைத்திருந்த இன்னொரு முக்காலியைப் பலகைமேல் நிறுத்துவது, கட்டை செருகுவது, வண்டியைத் தோளால் முட்டிப் பார்ப்பது எல்லாம் கேட்டது. பிறகு, வா. அவள் புழுவைப்போல முதுகால் ஊர்ந்து வெளியே வந்தாள். வெயில் கன்னத்தில் அறைந்தது. எலுமிச்சை மரம் நின்ற இடத்திலேயே நின்றது.

எழுந்திருக்க முடியவில்லை. மரத்தடிக்குத் தவழ்ந்துபோய் உட்கார்ந்தாள். கை, கால், தாடை எல்லாம் ஆடின, குளிர்காய்ச்சல் வந்தவளைப்போல, நிறுத்த நிறுத்த ஆடின. அவன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான், வாங்கும்போது பாதி மடியில் கொட்டியது. கொஞ்சம் தள்ளி அவனும் தரையில் உட்கார்ந்தான். வலது கை தோளிலிருந்து கழன்று தொங்குவதுபோலக் கிடந்தது, உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் மண்ணோடு ஒட்டியிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய முக்காலி அங்கே ஒரு காலை முழங்கால்வரை மண்ணுக்குள் விட்டுக்கொண்டு சாய்ந்து கிடந்தது, அந்த ஓட்டையிலிருந்து மக்கின வாழைத்தண்டின் நாற்றம் வந்தது. அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது, உதடுகூட. 

“டயரை எப்ப வெச்சீங்க?” என்று கேட்டாள்.

“நீ உள்ள போனப்ப.”

“ஏன் இந்தப் பக்கம் மட்டும்?”

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், அவனுக்கே தெரியாததைத் தேடுகிறவனைப்போல. மண்ணு ஈரமா தெரிஞ்சுது, மனசு கேக்கலை, வெச்சேன் என்றான். குழியா என்று அவள் கேட்டாள். அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டாள், மேலே ஒன்றும் சேர்க்கவில்லை. அவன் தலையை ஆட்டினான். மறந்துட்டேன் மேரி, மூடினவன் நானு, மறந்துட்டேன், நிழலைத்தான் பார்த்தேன் என்றான். சொல்லிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணை விலக்கிக்கொண்டிருக்கலாம். விலக்க வேண்டும் என்று நினைத்தாள், ஆனால் உடம்பு எதையும் கேட்கும் நிலையில் இல்லை, அவள் முகம் கழுவி வைத்த பாத்திரம்போல வெறுமையாகத் திறந்து கிடந்தது, உள்ளே அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தவள் அந்த முகத்தில் இருந்தாள். சவரிமுத்து பார்த்தான். கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிவது அவன் கழுத்தில் தெரிந்தது, எச்சில் விழுங்கப்போய் விழுங்க முடியாமல் நின்றதில். வண்டி விழுந்தபோதுகூட அவன் கண் அப்படி நிலைகுத்திப் போயிருக்காது. அப்படியா நினைச்ச என்று அவன் கேட்கவில்லை. இல்லைங்க என்று அவளும் சொல்லவில்லை. சொன்னால் கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொன்னதாகிவிடும். நேற்றுச் சாயங்காலம் அவன் சொன்ன சொல் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது, அவனுக்கும் இப்போது அது ஞாபகம் வந்திருக்க வேண்டும், சட்டென்று உரிந்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான், துடைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வீட்டுக்குள் பருப்பு தீய்கிற வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

கிழக்கே மலை முகட்டில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி மழை பிடித்தால் அந்த மண் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வண்டி குழியின்மேல் நிற்கிறது, அச்சை ஒன்றரை நட்டுதான் பிடித்திருக்கிறது. மிச்ச நட்டையும் முறுக்கிச் சக்கரத்தை மாட்டினால்தான் வண்டியைப் பின்னால் தள்ளிக் கல்தளத்துக்குக் கொண்டுபோக முடியும், இல்லாவிட்டால் ராத்திரி தானாகச் சரிந்து அச்சு முறுக்கிக்கொள்ளும். அவள் எழுந்தாள். சடையைச் சுருட்டி இறுக்கமாக முடிந்தாள், அதில் கிரீசும் மண்ணும் இருந்தன. வண்டியருகே போய்க் குனிந்தாள். அடியில் இருட்டைப் பார்த்தாள். அவ்வளவுதான், முழங்கால் மடங்கவில்லை. மடங்கு என்றாள், மடங்கவில்லை. கண்ணீர் தானாக ஓடியது, அழுகிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. சவரிமுத்து அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவள் கையிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். இவ்வளவு நேரமும் அதை அவள் விடவே இல்லை, விரல்களை ஒவ்வொன்றாக அவன்தான் பிரித்தான். பிறகு முக்காலிக்கு அடியில் பலகையை அமுக்கிப் பார்த்தான், டயரை இன்னும் உள்ளே தள்ளினான், புதுக்கட்டையை அதன்மேல் வைத்தான், வண்டியை முட்டி ஆட்டினான். எல்லாம் முறையாகச் செய்தான். செய்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து மல்லாந்தான். உள்ளே ஊர்வதற்கு முன்னால் அவன் கண் துவைகல்மேல் நின்ற ஜாக்கிக்குப் போனது, அதில் செருகியிருந்த கம்பிக்குப் போனது, அதன் பக்கத்தில் நின்ற அவளுடைய கைக்குப் போனது, அங்கிருந்து அவள் முகத்துக்கு வந்தது. ரொம்ப நேரம் இல்லை. கண்ணிமைக்கும் நேரம்தான். அவனே அதை அறிந்திருப்பானோ என்னவோ. ஆனால் அவள் பார்த்துவிட்டாள், அந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும், சற்று முன்பு அவளே அங்கே இருந்துவிட்டு வந்தவள்.

அவன் உள்ளே போனான். இடது கையால் நட்டு முறுக்கினான், வழுக்கியது, மறுபடி மாட்டினான். முழங்காலுக்குக் கீழே அவன் கால்கள் மட்டும் வெளியே, மண் அப்பி, வெயிலில் கிடந்தன. கால்விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவள் ஜாக்கியிலிருந்து கம்பியை உருவித் தூரமாக, வேலியோரம் போட்டாள். அது விழுந்த சத்தத்துக்கு உள்ளே ஸ்பேனர் நின்றது. அவள் தரையில் உட்கார்ந்து, கை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியட்டும் என்று, இரண்டு கைகளாலும் அவன் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகளும் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன, எது யார் நடுக்கம் என்று தெரியவில்லை. உள்ளிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை.  பிறகு ஸ்பேனர் நட்டில் மாட்டுகிற சத்தம் கேட்டது, மெதுவாக ஒரு சுற்று, அதற்குமேல் இன்னொரு சுற்று. அவள் பிடியை விடவில்லை.